கோஷா ஆஸ்பத்திரியும் அஞ்சு மில்லிகிராம் மாத்திரையும்

திருவல்லிக்கேணி பக்கம் ஆட்டோக்காரரிடம் "கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி யோசிப்பார். "கோஷா ஆஸ்பத்திரி" என்றால் மீட்டரைப் போடாமலேயே கிளம்பிவிடுவார். (மீட்டர் போடாததற்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமில்லை, அது தனிக்கதை.) ஆண் டாக்டரிடம் காட்டக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் ஆரம்பித்த ஆஸ்பத்திரி இது. அந்த அம்மாவே நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர்தான். கோஷா என்றால் பர்தா. பர்தாவில் இருக்கும் பெண்களுக்கான ஆஸ்பத்திரி, ஆகவே கோஷா ஆஸ்பத்திரி.

1931 தொடக்கத்தில் இங்கே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கொஞ்ச காலம் வேலை பார்த்தார். இன்றைக்கு எந்த மருந்துக்கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் கதை இவரிடம்தான் தொடங்குகிறது. அது மாத்திரையாக மாறியது இன்னொருவர் நடத்திய ஆய்வுக்கூடத்தில். அந்த மனிதர் படித்ததும் இதே திருவல்லிக்கேணியில், இந்து ஹைஸ்கூலில்! இந்த அம்மா இந்தியாவுக்கு வந்தபோது அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி ஆறு வருஷம் ஆகிவிட்டது.

இந்தக் கதையை எழுதக் காரணம் ஒரு கேள்வி. "சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா?" டாக்டரிடம் கேட்கிறோம், மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்கிறோம், இப்போது வாட்ஸப் குழுமத்தில் கேட்கிறோம். எங்கே கேட்டாலும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தாராளமா சாப்பிடுங்க, வைட்டமின்தானே, ஒண்ணும் பண்ணாது."

இந்த "ஒண்ணும் பண்ணாது" இருக்கிறதே, அதை ஒரே ஒரு வைட்டமினை வைத்துக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

பம்பாய்க்குப் போவோம். வருஷம் 1928. துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பலர் பிழைப்பதில்லை. கர்ப்பிணிகளின் மரணம் பற்றிய ஒரு பெரிய விசாரணைக்காக லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியிலிருந்து பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சேர்ந்தார் லூசி வில்ஸ். வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் முதலில் படித்தது தாவரவியலும் நிலவியலும். அப்புறம்தான் மருத்துவம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் பெரிய டாக்டர்கள் காரில் வந்து இறங்கிய காலத்தில் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷி.

ரத்தச்சோகை என்றால் நமக்குத் தெரிந்தது இரும்புச்சத்துக் குறைவு. அதில் சிவப்பணுக்கள் சின்னதாகி வெளுத்துப் போகும். ஆனால் இந்தப் பெண்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நேர் எதிர். அணுக்கள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிசு! எண்ணிக்கையோ படுமோசம். இந்த மாதிரிப் பெரிய அணு ரத்தச்சோகை மேல்நாட்டில் ஏற்கனவே பெயர் பெற்றது, பெர்னீஷியஸ் அனீமியா என்று. வந்தால் மரணம்தான் என்றிருந்த அந்த நோய்க்கு 1926-ல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் அரை பவுண்டு ஈரல். பிறகு அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆலையில் கூலி வேலை செய்கிற பெண்ணுக்குத் தினமும் அரை பவுண்டு ஈரலுக்கு எங்கே போவது? அவர்களில் பலர் கவிச்சியே தொடாதவர்கள் வேறு.

லூசி வில்ஸ் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். யார் சாப்பாடு ரொம்ப மோசமோ அவர்களுக்கே இந்த நோய் அதிகம் என்று தெரிந்தது. சரி, சாப்பாட்டில் ஏதோ இல்லை. எது இல்லை? எலிகளுக்கு அதே சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். எலிகளும் சோகை பிடித்து வெளுத்தன. முதலில் ஏ, சி வைட்டமின்கள் மேல் சந்தேகம். கொடுத்துப் பார்த்தும் சரியாகவில்லை. ஈஸ்ட் கொடுத்ததும் நிலைமை மாறியது. நடுவே எலிப்பேன் மூலம் பரவும் ஒரு கிருமி வேறு உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பியது. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், எலியைப் பார்ப்பதா, எலி மேலிருக்கும் பேனைப் பார்ப்பதா!

1929-ல் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நம்ம குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட்டில் இருந்து வேலை பார்த்தார். உணவுச்சத்து ஆராய்ச்சியில் பெரிய பெயரான ராபர்ட் மெக்காரிசன் அங்கேதான் இருந்தார். குன்னூர் என்றால் நமக்கு டீயும் நாய்க்கடி ஊசியும்தான் ஞாபகம் வரும். இந்தியாவின் உணவுச்சத்து ஆராய்ச்சி பிறந்து வளர்ந்ததே அங்கேதான். இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பூர்வீகம் அது.

எலிக்கு வேலை செய்த ஈஸ்ட் மனுஷிக்கும் வேலை செய்யுமா? இங்கிலாந்தில் மார்மைட் என்று ஒன்று விற்பார்கள். பீர் காய்ச்சியபின் அடியில் தங்கும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற, கறுப்பாய், தார் மாதிரி இருக்கும் உப்புக் கரிக்கும் வஸ்து. ரொட்டியில் தடவித் தின்பார்கள். (இலங்கை நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மூர்க்காரர்கள் முதல் தடவை வாயில் வைத்தால் முகம் போகிற போக்கே தனி.) ஈரலோடு ஒப்பிட்டால் விலை கம்மி. லூசி வில்ஸ் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். புதிய ரத்த அணுக்கள் சில நாட்களில் கிளம்பி வந்தன. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியானது. மார்மைட்டில் இருப்பது இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது. பேர் தெரியாத அந்தப் பொருளை "வில்ஸ் ஃபாக்டர்" என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் அவர் கண்டுபிடித்தார். என்னைக் கேட்டால் மார்மைட்டைவிட இதுதான் பெரிய விஷயம். பெர்னீஷியஸ் அனீமியாவுக்காக ஈரலை மேலும் மேலும் சுத்தம் செய்து ஊசிமருந்தாக்கியிருந்தார்கள். மேல்நாட்டு நோயாளிக்கு அது அமிர்தம். பம்பாய்ப் பெண்களுக்கோ அந்தச் சுத்தமான மருந்து பலிக்கவில்லை. சுத்தம் செய்யாத ஈரல்சாறு பலித்தது. அப்படியானால் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு நோய்களுக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு சத்துக்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால்? பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கேள்விக்கு நோயாளிகளின் காலில் பதில் வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

1941-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்று மூன்று பேர் நாலு டன் ஸ்பினாச் கீரையை அரைத்து, வடித்து, வடித்ததை வடித்து, துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நாலு டன் கீரையை யார் உட்கார்ந்து ஆய்ந்தார்களோ! இலைக்கு லத்தீனில் ஃபோலியம், ஆகவே ஃபோலிக் ஆசிட். வில்ஸ் தேடியதும் இதுதான் என்று பிறகு உறுதியானது.

இப்போது இந்து ஹைஸ்கூல் மாணவரைப் பார்ப்போம். பெயர் எல்லப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். ராஜமுந்திரியில் படிப்பு ஏறவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார், அதுவும் சென்னைக்கு வந்து. பிரசிடென்சி காலேஜ், பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போனார். வெள்ளைக்கார சர்ஜரி பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அரசாங்க வேலைக்கு வழியில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

அவர் வீட்டில் ஒரு நோய் புகுந்திருந்தது. ட்ராபிகல் ஸ்ப்ரூ. ஓயாத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆள் கரைந்துபோவது. சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவரையும் அது பிடித்தது. ஆசண்ட லக்ஷ்மிபதி என்ற மருத்துவரின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டார். 1922-ல் அமெரிக்கா போனார். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை, நோயாளிகளின் கழிகலம் எடுத்துச் சுத்தம் செய்வது வரைக்கும். பகலில் ஹார்வர்டில் படிப்பு. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறையை உயிர்வேதியியல் படித்தவர்கள் பாடத்தில் பார்த்திருப்பார்கள். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நம்மூரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுக்கிறார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் தலைமையில் அங்கே பிறந்ததுதான்.

லெடர்லிக் குழு 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. இனி கீரையும் வேண்டாம், ஈரலும் வேண்டாம். டாம் ஸ்பீஸ் என்ற அமெரிக்க டாக்டர் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். எழுந்து நடந்தார்கள். தன் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்குத் தன் கூடத்திலிருந்தே மருந்து! சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம்.

ஆனால் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

லூசி வில்ஸ் சொன்ன இரண்டு சத்து விஷயம் ஞாபகம் இருக்கிறதா? புது மருந்து வந்த உற்சாகத்தில் டாக்டர்கள் பெர்னீஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கும் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். ரத்தம் ஊறியது. முகம் தெளிந்தது. ஆஹா என்றார்கள். கொஞ்ச மாதம் போனது. நோயாளிகளுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. தரையில் கால் வைத்தால் பஞ்சில் வைத்த மாதிரி. நடை தள்ளாடியது. சிலருக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. ரத்தப் பரிசோதனையோ நன்றாகவே இருக்கிறது!

நடந்தது இதுதான். அந்த நோயாளிகளுக்குக் குறைந்திருந்தது வேறு வைட்டமின், இன்றைக்கு பி12 என்கிறோமே அது. 1948-ல்தான் அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் இங்கிலாந்தில் கிளாக்ஸோவும் அதைப் பிரித்தெடுத்தன. ரத்த அணு உற்பத்திக்கு பி12, ஃபோலிக் ஆசிட் இரண்டும் கைகோர்த்து வேலை செய்ய வேண்டும். ஃபோலிக் ஆசிட்டை அள்ளிக் கொட்டினால் பி12 இல்லாமலேயே ரத்த வேலை ஒப்பேறிவிடும். நரம்புக்கு அது உதவாது. நரம்பின் மேலுறை அரித்துக்கொண்டே போகும். கரையான் அரிக்கிற சுவருக்கு வெள்ளையடித்த கதை. வெள்ளையடித்தவர் கெட்டவர் இல்லை, சுவரும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் ஆபத்தே. ரத்தச்சோகை தெரிந்திருந்தால் டாக்டர் காரணத்தைத் தேடியிருப்பார். மாத்திரை அந்த அடையாளத்தை அழித்துவிட்டது. நரம்பு ஓரளவுக்கு மேல் கெட்டால் அப்புறம் பி12 ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பாது.

அதே காலத்தில் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அன்றைக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போய்விடுவார்கள். செய்வதற்கு எதுவுமில்லை. இது ரத்தக் கோளாறு, ஃபோலிக் ஆசிட் ரத்தக் கோளாறைச் சரி செய்கிறது, மேலும் எலிகளின் கட்டியை அது சுருக்கியதாக ஒரு செய்தியும் வந்திருந்தது. ஆகவே கொடுத்துப் பார்க்கலாம். லெடர்லியிலிருந்து ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களை வாங்கிக் கொடுத்தார். நோய் வேகம் எடுத்ததைக் கண்டார்! புற்றணுக்களும் பெருகத்தானே சத்து தேடுகின்றன. நல்ல அணு, கெட்ட அணு என்று வைட்டமின் ஜாதகம் பார்ப்பதில்லை.

இன்னொருவராக இருந்தால் காகிதங்களை மூடி வைத்திருப்பார். ஃபார்பர் தலைகீழாக யோசித்தார். சத்து கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், சத்தை மறித்தால்? சுப்பாராவின் கூடத்தில் ஃபோலிக் ஆசிட் மாதிரியே உருவம் கொண்ட, அதன் வேலையைக் கெடுக்கிற பொருட்கள் தயாராகியிருந்தன. அதில் ஒன்று அமினோப்டெரின். 1947 கடைசியில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கி, 1948 ஜூனில் ஃபார்பர் கட்டுரை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் ரத்தப் புற்று மருந்துக்குப் பணிந்தது என்பதே அதுவரை கேள்விப்படாத சங்கதி. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். சுப்பாராவ் அதே 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை.

ஆக, 1945-லிருந்து 1948-க்குள் ஒரே வைட்டமின் ஸ்ப்ரூ நோயாளியைக் காப்பாற்றியது, பெர்னீஷியஸ் நோயாளியின் நோயை மறைத்தது, லுகேமியா குழந்தைக்குக் கெடுதல் செய்தது. மருந்து மாறவில்லை. சாப்பிட்ட ஆள்தான் வேறு.

அடுத்து கர்ப்பிணிகள். அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட கர்ப்பிணிகளுக்கு ஊனமுள்ள குழந்தைகள் பிறந்ததை 1950-களில் கவனித்தார்கள். ஃபோலிக் ஆசிட்டை மறித்தால் கரு கெடுகிறது என்றால், சாதாரணமாக அந்தச் சத்து குறைந்தாலும் கெடுமோ? லிவர்பூலில் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸும் 1965-ல் ஆமாம், அப்படித்தான் தெரிகிறது என்று எழுதினார்கள். முதுகுத்தண்டு மூடாமல், மூளை உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஃபோலிக் ஆசிட் சரியாகப் பயன்படாத அறிகுறிகள் அதிகம் தெரிந்தன.

ஸ்மிதெல்ஸ் பிறகு லீட்ஸுக்குப் போனார். ஏற்கனவே அப்படி ஒரு குழந்தையைப் பெற்று இழந்த பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே வைட்டமின் கொடுத்துப் பார்க்க நினைத்தார். ஒழுங்கான சோதனை என்றால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. நெறிமுறைக் குழுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு வெற்று மாத்திரை கொடுப்பதாவது! மனிதாபிமானம்தான், குற்றம் சொல்ல மனசு வராது. ஆகவே வைட்டமின் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் குலுக்கல் இல்லாமலே ஒப்பிட்டார். 1980-ல் முடிவு வந்தது. சாப்பிட்டவர்களின் 178 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் ஊனம். சாப்பிடாதவர்களின் 260 குழந்தைகளில் 13 பேருக்கு.

கேட்கிற நமக்கு இது போதும். விஞ்ஞானிகளுக்குப் போதவில்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற பெண்கள் மற்ற விஷயத்திலும் ஒழுங்காக இருப்பார்கள், படித்தவர்களாக, வசதியானவர்களாக இருப்பார்கள், அதனால் குறைந்திருக்கலாமே?" என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1983-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஏழு நாடுகள், 33 மையங்கள், 1817 பெண்கள், நாலு பிரிவு. ஒரு பிரிவுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், ஒன்றுக்கு மற்ற வைட்டமின்கள், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டுமே இல்லை. 1991 ஏப்ரலில் பாதியிலேயே நிறுத்தினார்கள். தொடர்வதுதான் அநியாயம் என்னும் அளவுக்கு முடிவு தெளிவாகிவிட்டது. மொத்தம் 27 குழந்தைகளுக்கு ஊனம். அதில் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்கள் பக்கம் 6, சாப்பிடாதவர்கள் பக்கம் 21. மற்ற வைட்டமின்களால் அந்த மாதிரிப் பலன் தெரியவில்லை.

இந்த எட்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றும். 1980-லேயே எல்லோருக்கும் கொடுத்திருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும் என்று ஒரு பக்கம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததால்தானே அடுத்த வருஷமே அமெரிக்க அரசு, கருத்தரிக்கும் வயதுள்ள எல்லாப் பெண்களும் தினம் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது, 1998-லிருந்து தானிய மாவிலேயே கலக்கவும் வைத்தது என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. தயக்கத்தோடுதான்.

இதில் நம் ஊரில் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கருவின் முதுகுத்தண்டாகப் போகிற குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், டெஸ்ட் பண்ணி, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் அது முடிந்துபோன காரியம். அன்றைக்கு எழுதித் தருகிற மாத்திரை தாயின் ரத்தத்துக்கு நல்லது, அவசியமும்கூட. ஆனால் இந்த ஊனத்தைத் தடுக்கும் தருணம் கடந்துவிட்டது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தவுடனேயே, குறைந்தது ஒரு மாதம் முன்பாவது ஆரம்பிக்க வேண்டிய மாத்திரை இது. வளைகாப்புக்குப் பத்து வகை சாதம் கட்டுகிற நாம் கல்யாணப் பெண்ணிடம் இதைச் சொல்வதில்லை.

அளவையும் பாருங்கள். பெரும்பாலோருக்குத் தேவை 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. கிட்டத்தட்டச் சரியான அளவு. தனியார் மருந்துக்கடையில் பரவலாகக் கிடைப்பதோ 5 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! அந்த 5 மில்லிகிராம் சிலருக்குத் தேவைதான். முன்பு அப்படியொரு குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்கள், சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கும்போது டாக்டர் அதை எழுதுவார். "முடி கொட்டுது, அசதியா இருக்கு" என்று வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை அது.

அதுவும் நம்மூரில் இந்த பி12 விவகாரம் இருக்கிறதே. பி12 காய்கறியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இதில்தான். சுத்த சைவம், அதிலும் பால் குறைவு என்றால் பற்றாக்குறை சகஜம். வயதானவர்களுக்கு, பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். கீரையும் பருப்பும் சாப்பிடுவதால் ஃபோலிக் ஆசிட் ஓரளவு வந்துவிடும். இந்த ஆளுக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டை மாதக்கணக்கில் கொடுத்தால் 1940-களின் வெள்ளையடிப்புதான் மறுபடியும். கால் மரப்பை "சர்க்கரை நரம்புக்கு வந்திருக்கு" என்று சொல்லி விட்டுவிடவும் கூடும். புனேயில் யாஜ்னிக் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத போக்கு அதிகம் தெரிந்தது. ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் நம் ஊர்த் தட்டில் இருப்பதைப் பார்க்காமல் மாத்திரை எழுதக்கூடாது என்பதற்கு இது போதும்.

நடுவில் இதயத்துக்கு நல்லது என்று ஒரு அலை அடித்தது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடினால் மாரடைப்பு அதிகம், ஃபோலிக் ஆசிட் அதைக் குறைக்கும், ஆகவே மாரடைப்பும் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். நார்வேயில் மாரடைப்பு வந்த 3749 பேரிடம் சோதித்து 2006-ல் முடிவு சொன்னார்கள். ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. குடல் கட்டியைத் தடுக்குமா என்று தினம் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையிலும் 2007-ல் தடுக்கவில்லை என்றே வந்தது, சிலருக்குக் கட்டிகள் கூடியது மாதிரிகூடத் தெரிந்தது. சுமார் ஐம்பதாயிரம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2013 ஆய்வு, புற்றுநோய் குறிப்பிடும்படி கூடவில்லை என்றது. நிம்மதிதான். ஆனால் லாபமும் இல்லையே!

ஆகவே நோயாளி "சத்து மாத்திரை சாப்பிடலாமா?" என்றால் டாக்டரோ மருந்தாளுநரோ பதிலுக்கு நாலு கேள்வி கேட்பதுதான் முறை. என்ன சாப்பிடுகிறீர்கள், கர்ப்பம் உண்டா அல்லது உத்தேசம் உண்டா, கால் மரக்கிறதா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு நம் ஜனங்கள் சத்து மாத்திரையைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். "அது மருந்தில்லையே டாக்டர்" என்பார்கள். டப்பாவோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர் தானாக ஃபோலிக் ஆசிட்டை அதிக அளவில் ஆரம்பித்தால், ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவு இறங்கி வலிப்பு திரும்ப வரலாம். புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் தெம்புக்கு என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. அங்கே எப்போது, எந்த வடிவில் என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடக்குவாதக்காரர்கள் கதை வேறு. அவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் சின்ன அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். அதன் பக்க விளைவுகளைக் குறைக்க டாக்டரே ஃபோலிக் ஆசிட்டும் எழுதுவார், பெரும்பாலும் வேறு நாளில். இரண்டுமே சின்னச் சின்ன மாத்திரை, பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மாறிப்போய் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரைவிட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், டாக்டரிடம் கிழமையைக் கேட்டு, சமையலறைக் காலண்டரில் இரண்டு மாத்திரையின் பேரையும் அந்தந்தக் கிழமைக்கு நேரே பெரிய எழுத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.